ரம்லாவுக்கு அவகாசம் உண்டு

கொழிஞ்சாம்பாறையில் ரம்லாவின் வீட்டில் ஆறு வருடமாகப் பால் பொங்கி வழிந்ததில்லை. அடுப்பில் வைத்துவிட்டு அவள் கடைவீதிக்குப் போய் மல்லித்தழை வாங்கி, வழியில் நாலு பேரிடம் கதை பேசித் திரும்பினாலும் பால் விளிம்புவரை ஏறி வந்து அங்கேயே நிற்கும். அவள் வந்து தீயை அணைத்த பிறகுதான் இறங்கும். பக்கத்து வீட்டுக் கமலாத்தாள் கோடையில் தன் இட்லி மாவைக் கொண்டுவந்து அந்த வீட்டில் வைத்தாள். எத்தனை நாளானாலும் புளிக்கவில்லை. ரம்லா போகிற நாளில் பொள்ளாச்சி பஸ் அவள் ஏறாமல் கிளம்பாது. கண்டக்டர் ஈஸ்வரமூர்த்தி விசிலை வாயில் வைத்துக்கொண்டு நிற்பார், ஊத வராது. அவள் படியில் கால் வைத்ததும் சத்தம் தானாக வரும். இதையெல்லாம் ஊரில் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அந்த வருடம் தக்காளி விலை ஏறியதைப் பற்றித்தான் அதிகம் பேசினார்கள்.

காரணம், அவளுடைய அத்தா பாவா ராவுத்தர் எழுதிவைத்த குடும்ப டிரஸ்ட். ராவுத்தர் புண்ணாக்கும் பருத்திக்கொட்டையும் விற்றுச் சந்தைக்கு எதிரே ஒரு வரிசைக் கடைகள் கட்டியவர். பிள்ளைகள் விற்றுத் தின்றுவிடக் கூடாது என்று அவற்றை டிரஸ்டில் போட்டு, மகன் கலீலைப் பொறுப்பாளராக்கி, மூன்று மாதத்துக்கு ஒருமுறை வாடகை மகனுக்கும் மகளுக்கும் போய்ச் சேர வேண்டும் என்று ஏற்பாடு செய்தார். ஊர் எல்லைக்கு மலையாளப் பக்கம் என்பதால் பத்திரம் மலையாளத்தில் இருந்தது. அவர் மௌத்தான நாற்பதாம் நாள், ஓதி முடித்து, சாப்பாடும் முடிந்த பிறகு கலீல் அதை எழுத்துக்கூட்டிப் படித்தார். வாடகையில் பாதிக்கு மகள் ரம்லாவுக்கு அவகாசம் உண்டு என்று வந்தது. மலையாளத்தில் அவகாசம் என்றால் உரிமை. பஞ்சாயத்து ஆபீசிலும் கரண்டு ஆபீசிலும் மலையாளத்தில் பொரிந்து தள்ளுகிற கலீலுக்கு அன்றைக்கென்று பார்த்துத் தமிழ்தான் ஞாபகத்துக்கு வந்தது.

"பாரு அம்மிணி, உனக்கு அவகாசம் இருக்குதுன்னு அத்தாவே எழுதிட்டாரு. மெதுவா வாங்கிக்கலாம்" என்றார். தமிழ்ப் பள்ளியில் ஏழாவதுவரை படித்த ரம்லா தலையாட்டினாள்.

ராவுத்தர் உயிரோடிருந்தவரை கொடுத்த வாக்கில் இம்மி பிசகாதவர். செத்த பிறகு மட்டும் பிசகுவாரா? பொறுப்பாளர் எப்படிப் படித்தாரோ அப்படியே சேர்ந்தது. மூன்றாம் மாதம் முதல் வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து ஆட்கள் திரும்பும் நேரத்தில், ரம்லாவின் வீட்டுக்குள் அவகாசம் நுழைந்து சாயங்கால வெயிலைப் போலத் தரையில் பரவியது. அவள் வாரிய வீட்டை மறுபடி வாரினாள், அது போகவில்லை. அதிலிருந்து தவணை தவறாமல் வந்தது. வீட்டுக்குள் இருந்த எல்லாவற்றுக்கும் அதில் பங்கு கிடைத்தது. வாசலைத் தாண்டினால் அது ரம்லாவுக்கு மட்டும்.

நல்லதும் அதனால் தள்ளிப்போயிற்று. அடைக்கு உட்கார்ந்த கோழி இரண்டு வருடமாக எழுந்திருக்கவில்லை. கொய்யா பச்சையாகவே தொங்கியது. ஆனாலும் ரம்லா ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை, ஏனென்றால் அவள் புருஷன் முகம்மது குட்டி அந்த அவகாசத்தில்தான் உயிரோடு இருந்தார். பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் பெட்டிக்கடை வைத்திருந்தவர். நெஞ்சில் ஒரு வால்வு சுருங்கிவிட்டது, ஆபரேஷன் செய்யாவிட்டால் அடுத்த பெருநாளைப் பார்க்க மாட்டார் என்று கோயம்புத்தூர் ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். அந்தப் பெருநாள் போய், அதற்கடுத்தடுத்த பெருநாள்களும் போயின. அவருக்கு நோய் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. ஒரே ஒருமுறை தெருவில் இறங்கிப் பார்த்தார். மின் கம்பம்வரை போவதற்குள் உதடு நீலம் பாரித்துவிட்டது. கமலாத்தாள்தான் தூக்கிவந்து உள்ளே போட்டாள். அதற்குப் பிறகு ஜன்னலோடு சரி. ஆபரேஷனுக்கு வேண்டிய பணம் சந்தைக்கு எதிரே மாதாமாதம் வாடகையாக வந்துகொண்டிருந்தது, கலீலின் வீட்டுக்கு மாடியும் எழுந்துகொண்டிருந்தது.

ரம்லா கேட்காமல் இல்லை. போகும்போதெல்லாம் கலீல் அவளை உட்காரவைத்து, டீ வரவழைத்து, உனக்குத்தான் அவகாசம் இருக்குதே என்பார். கணக்கு கேட்டால் முகம் சுருங்கும். நோன்புக்கு ஒரு மூட்டை அரிசி அனுப்பி, தங்கச்சிக்கு உதவி பண்ணினேன் என்று பள்ளிவாசலில் நாலு பேர் காதில் விழும்படி சொல்வார். அந்த அரிசி மட்டும் வெந்து தொலைய மணிக்கணக்காகும். ரம்லா அடுப்படியில் நின்று அழுவாள், பிறகு அதையே வடித்துப் புருஷனுக்குப் போடுவாள்.

கடைசியில் கமலாத்தாள் அவளைப் பக்கத்துச் சித்தூரில் வக்கீல் ஜீவிதாவிடம் இழுத்துக்கொண்டு போனாள். பத்திரத்தின் நகலை ரிஜிஸ்டர் ஆபீசில் வாங்கி ஒரு தடவை படித்துவிட்டு ஜீவிதா சிரித்தாள். ரம்லாவின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திக்கொண்டாள்.

"அக்கா, இது நம்ம அவகாசமில்லீங்க, மலையாளத்து அவகாசம். உரிமைங்க. பாதி வாடகை உங்களுது. அவரு குடுக்கறது உதவி இல்ல. வரவு செலவு காட்டச் சொல்லி எப்ப வேணாலும் கேக்கலாம். காட்டலைன்னா, கோர்ட்டுல சொல்லிப் பொறுப்புலிருந்தே எறக்கலாம்."

 ரம்லா, இதுவரை வந்த அவகாசத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டுமா என்று கேட்டாள். ஜீவிதா, பொறுப்பாளர் தன் தப்பால் கொடுத்தது, நீங்கள் கேட்டு வாங்கவில்லை, கைக்கு வந்தது உங்களுடையது என்றாள். சட்டத்தில் அதற்கு ஒரு பிரிவு உண்டா என்று அவள் தேடியதாகத் தெரியவில்லை.

வீடு திரும்பும்வரை ரம்லா ஒன்றையே திருப்பித் திருப்பி நினைத்தாள். உரிமை என்று படித்துவிட்டால் அவகாசம் நின்றுவிடும். நின்றால் ஆறு வருடமாகக் காத்திருக்கிற எல்லாம் ஒன்றாகக் கிளம்பி வரும், புருஷனின் நோய் உட்பட. பணம் வந்து அவர் போய்விட்டால் அந்தப் பணத்தை வைத்து என்ன செய்வது? அவரிடம் மறைக்காமல் சொன்னாள். முகம்மது குட்டி ஜன்னல் வழியே பஸ் போவதைப் பார்த்தபடி, "ஆறு வருசமா சாகாம இருக்கறன் ரம்லா. ஒருக்கா பொழச்சும் பாக்கறனே" என்றார். அவள் மறுநாளே நோட்டீஸுக்குக் கையெழுத்துப் போட்டாள்.

அந்த வாரம் தவணை வெள்ளிக்கிழமை வந்தது. ரம்லா வாசலில் முந்தியை விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவகாசம் தரையில் பரவுமுன் மொத்தத்தையும் ஏந்தி, முந்தியில் முடிந்து, இடுப்பில் செருகிக்கொண்டாள். ஒரு பிடி அரிசி கனம் இருந்தது. வீட்டுக்குப் பழைய தவணையில் மூலை முடுக்கில் கிடந்ததே கொஞ்ச நாளைக்குப் போதும் என்று கணக்குப் போட்டாள்.

கலீல் நோட்டீஸோடு வந்தார். கோபப்பட்டார், அத்தாவின் பெயரைச் சொன்னார், பிறகு இறங்கி வந்தார்.

"கணக்கெல்லாம் காட்டறன் அம்மிணி. பணத்துக்குக் கொஞ்சம் அவகாசம் குடு."

ரம்லாவின் கை தானாக இடுப்பு முடிச்சுக்குப் போயிற்று. "இருக்குதுங்கண்ணா. ஆனா அது என்னுது. தர மாட்டன்" என்றாள்.

அண்ணனிடம் அவள் மாட்டேன் என்று சொன்னது அதுதான் முதல் தடவை. அவர் காரை விற்று, மீதிக்குக் கடன் வாங்கி, ஜீவிதாவின் ஆபீசில் கணக்கை விரித்துவைத்துப் பணத்தைக் கட்டினார். இது உன் பங்கு, உன் அவகாசம் என்று, இந்தத் தடவை சுத்தமான மலையாள உச்சரிப்பில் சொன்னார். அவர் சொல்லி வாய் மூடுவதற்குள் ரம்லாவின் போன் அடித்தது. முகம்மது குட்டி மூச்சு வாங்கிக்கொண்டு, பால் பொங்கிவிட்டது என்றார்.

அவள் ஓடினாள். சித்தூர் ஸ்டாண்டில் பஸ் அவள் கண்ணெதிரே கிளம்பிப் போயிற்று. கலீல்தான் யாருடைய காரையோ இரவல் வாங்கி ஓட்டிவந்தார். வீட்டில் புருஷனை ஏற்றி, வேலந்தாவளம் வழியாகக் கோயம்புத்தூர் போய்ச் சேர்ந்தார்கள். ஆபரேஷன் நடுவில் ஒரு டாக்டர் வெளியே வந்தார். இன்னும் நேரம் கிடைத்தால் முடித்துவிடலாம், உடம்பு தாங்குகிற நேரம் தீரப் போகிறது என்றார். ரம்லா தியேட்டர் கதவடியில் உட்கார்ந்து முந்தி முடிச்சை அவிழ்த்து, கதவுக்கு அடியில் தள்ளினாள். சுவர்க் கடிகாரம் நின்றது. ஆஸ்பத்திரிக்காரர்கள் பேட்டரி மாற்றினார்கள், அப்படியும் ஓடவில்லை. டாக்டர்கள் நிதானமாகத் தைத்து முடித்துக் கை கழுவி வந்தபோது, கலீல் வாங்கி வைத்திருந்த டீயில் இன்னும் ஆவி பறந்தது. கடிகாரம் விட்ட இடத்திலிருந்து ஓடத் தொடங்கியது.

இவர்கள் திரும்பி வந்தபோது கோழி குஞ்சுகளோடு முற்றத்தில் மேய்ந்துகொண்டிருந்தது. கொய்யா மொத்தமும் ஒரே நாளில் பழுத்து உதிர்ந்து, தெருவெல்லாம் ஈ மொய்த்தது. கமலாத்தாளின் மாவு பொங்கிச் சட்டியை விட்டு இறங்கியிருந்தது. கலீல் இப்போது மூன்று மாதத்துக்கு ஒருமுறை பாதி வாடகையும் கணக்கும் அனுப்புகிறார். ரம்லா ஒவ்வொரு வரியையும் படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போடுகிறாள். அதற்காகவே மலையாளம் படித்துக்கொண்டாள்.

ஒரு காலை முகம்மது குட்டி கடைக்குச் சரக்கு வாங்கப் பொள்ளாச்சி புறப்பட்டார். போன சற்று நேரத்தில் போன் வந்தது.

"ரம்லா, பஸ் போயிருச்சு" என்றார். குரலில் அப்படியொரு சந்தோஷம்.

"அடுத்த பஸ் வருமுங்க, நில்லுங்க" என்று சொல்லிக்கொண்டே அவள் பாலை இறக்க ஓடினாள். அதற்குள் பாதி வழிந்துவிட்டது.