விளக்குக்கு ஊற்ற வேண்டியது

ஹெல்மர் நார்வேயிலிருந்து கப்பலேறி வட டகோட்டாவுக்கு வந்து சேர்ந்தபோது, அவனுக்கு முன்பே மதுவிலக்கு அங்கே வந்து குடியேறியிருந்தது. கிளம்பும்போது யாரும் இதை அவனிடம் சொல்லவில்லை. நிலம் கிடைக்கும், கோதுமை விளையும், ஞாயிற்றுக்கிழமை நம் பாஷையிலேயே பிரசங்கம் என்றுதான் சொன்னார்கள். மூன்றும் உண்மை. அதனால் யாரையும் பிடித்துச் சண்டை போட முடியவில்லை.

மாவட்டத்தில் சாராயம் சட்டப்படி இரண்டே இடங்களில் இருக்கலாம். ஒன்று மருந்துக்கடை. இன்னொன்று டாக்டர் ஹஸ்கெல்லின் கார் விளக்கு. ஹெல்மர் டாக்டரின் டிரைவர்.

விளக்குக்குள் சாராயம் வந்த கதை சுருக்கமானது. காரின் ஃபுட்போர்டில் ஒரு பித்தளை டப்பா திருகி வைக்கப்பட்டிருந்தது. அதன் கீழறையில் கார்பைடு கல், மேலறையில் தண்ணீர், நடுவில் ஒரு திருகு. திருகைத் தளர்த்தினால் தண்ணீர் சொட்டுச் சொட்டாகக் கல்லின் மேல் விழும். கல் பொங்கி, அழுகின பூண்டு மாதிரி நாறும் வாயுவைக் கக்கும். அது ரப்பர் குழாய் வழியாக முன்விளக்குக்குப் போய் வெள்ளை வெளேரென்று எரியும். மற்ற வீட்டு விளக்கெல்லாம் காமாலை கண்ட மாதிரி மஞ்சளாய் எரிகிற ஊரில் டாக்டரின் கார் மட்டும் பகலைக் கட்டி இழுத்துக்கொண்டு வருவதுபோல வரும். ஒரே தொல்லை, பனிக்காலத்தில் மேலறைத் தண்ணீர் உறைந்துவிடும். உறையாமலிருக்கப் பாதிக்குப் பாதி ஸ்பிரிட் கலக்க வேண்டும். டாக்டர் கையெழுத்துப் போட்டு மருந்துக்கடையில் வாங்குகிற, கலப்படமில்லாத தானிய ஸ்பிரிட்.

அக்டோபர் பிறந்ததும் டாக்டர் புட்டியை ஹெல்மரிடம் நீட்டினார். “இது விளக்குக்கு.”

“விளக்குக்குத்தாங்க” என்றான் ஹெல்மர். சொன்னபோது அது உண்மையாகத்தான் இருந்தது.

அந்த வருடம் அக்டோபர் இதமாகப் போனது. தண்ணீர் உறையவில்லை. உறையாத தண்ணீருக்கு ஸ்பிரிட் எதற்கு என்று ஹெல்மர் யோசித்தான். விளக்குக்குக் குளிரவில்லை, அவனுக்குக் குளிர்ந்தது. தேவைப்படுகிறவனுக்குத் தருவதுதானே மருத்துவம்? டாக்டரிடம் வேலை பார்த்ததில் இந்த அளவுக்கு அவனும் தேறியிருந்தான். உறைபனி வருகிற அன்றைக்கு ஊற்றிக்கொள்ளலாம் என்று தினமும் ஒரு மடக்கு எடுத்துக்கொண்டான். நவம்பர் வந்தபோது புட்டி கருவிப்பெட்டியில் ஸ்பானர்களோடு படுத்து உருண்டு, காலிப் புட்டிகளுக்கே உரிய சத்தத்தைப் போட்டுக்கொண்டிருந்தது.

டோர்கிலின் பண்ணையிலிருந்து டெலிபோன் வந்தது ஒரு பிற்பகலில். பண்ணை வீடுகள் எல்லாவற்றுக்கும் ஒரே கம்பி. ஒரு வீட்டுக்கு மணியடித்தால் எல்லா வீட்டிலும் எடுத்துக் காதில் வைத்துக்கொள்வார்கள்.

“டாக்டர், ரக்னாவுக்கு வயித்து வலி. வலப்பக்கம். முந்தாநாள்லேர்ந்து” என்றார் டோர்கில்.

“முந்தாநாள்லேர்ந்து என்னய்யா பண்ணிட்டிருந்தீங்க?”

கம்பியில் வேறு யாரோ ஒரு பெண் பதில் சொன்னாள். “விளக்கெண்ணெய் குடுத்தாங்க, டாக்டர்.”

“சரியாப் போச்சு” என்று டாக்டர் போனை வைத்துவிட்டுப் பெட்டியை எடுத்தார். வண்டியில் ஏறும்போது, “டப்பாவுல தண்ணி மாத்தினியா?” என்று கேட்டார்.

“மாத்திட்டேங்க” என்றான் ஹெல்மர். மாற்றித்தான் இருந்தான். ஸ்பிரிட்டைப் பற்றி அவர் கேட்கவில்லை. கேட்காத கேள்விக்குப் பதில் சொல்வது அதிகப்பிரசங்கித்தனம்.

சேறு இறுகிக் கல்லாகியிருந்தது. பனி இன்னும் விழ ஆரம்பிக்கவில்லை. கார் ஓட இதைவிட நல்ல பாதை கிடையாது. இருட்டும் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தார்கள்.

டோர்கிலின் மனைவி ரக்னா அடுக்களைக்குப் பக்கத்து அறையில் முழங்காலை மடக்கிப் படுத்திருந்தாள். தேவாலய மதுவிலக்குச் சங்கத்தின் செயலாளர் அவள்தான். மாவட்டத்தில் ‘குடிக்க மாட்டேன்’ என்ற உறுதிமொழியில் கையெழுத்திடாத ஆண்களை அவளுக்கு மனப்பாடமாகத் தெரியும். டாக்டர் வயிற்றை அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தபோதும் அவள் கண் கதவருகே நின்றவன் மேல்தான் இருந்தது.

“ஹெல்மர், நீ இன்னும் கையெழுத்துப் போடல.”

“நீங்க எழுந்து வாங்கக்கா. போட்டுடறேன்.”

“பேனா அலமாரியில இருக்கு. இப்பவே போடலாம்.” மூச்சு வாங்கியது. “நான் எங்கயும் ஓடப் போறதில்ல, பாரு.”

டோர்கில் சிரிக்க முயன்றார். டாக்டர் சிரிக்கவில்லை. “குடல்வால். இப்பவே அறுக்கணும். ஊருக்குத் தூக்கிட்டுப் போனா வழியிலயே வெடிச்சிரும்” என்று எழுந்தார்.

அடுக்களை மேசையைத் தேய்த்துக் கழுவினார்கள். கருவிகளை வெந்நீரில் போட்டு எடுத்தார்கள். மயக்கத்துக்கு ஈதர்தான் இருந்தது. ஈதர் ஆவியில் ஒரு பொறி பட்டால் நோயாளி, டாக்டர், வீடு என்று ஒரு வித்தியாசமும் பார்க்காது. அதனால் அடுப்பு நெருப்பை வாரி வெளியே கொட்டினார்கள். விளக்குகளை அணைத்துத் தொழுவத்துக்குக் கொண்டுபோனார்கள். ஹெல்மர் காரை அடுக்களை ஜன்னலுக்கு நேரே நிறுத்தி, திருகைத் தளர்த்தி, முன்விளக்கைப் பற்ற வைத்தான். வெளியிலிருந்து கண்ணாடி வழியாக வெள்ளை ஒளி நேராக மேசையில் போய் விழுந்தது. டாக்டர் இதற்கு முன்பும் பல பண்ணைகளில் இப்படித்தான் அறுத்திருக்கிறார். ஆஸ்பத்திரியில்கூட இவ்வளவு வெளிச்சம் கிடையாது என்பார்.

“வண்டியை விட்டு நகராதே. திருகு மேல கண்ணா இரு” என்று கதவைச் சாத்திக்கொண்டார்.

ஹெல்மர் சொன்னபடி செய்தான். இஞ்சின்மேல் குதிரைக் கம்பளியைப் போர்த்தினான். ஜன்னல் வழியாக எல்லாம் தெரிந்தது. ரக்னாவின் முகத்தில் துணி, அதன்மேல் சொட்டுச் சொட்டாக ஈதர் ஊற்றும் டோர்கிலின் பெரிய கை, டாக்டரின் குனிந்த முதுகு. இந்தப் பக்கம் தண்ணீரும் சொட்டுச் சொட்டாகத்தான் விழுந்துகொண்டிருந்தது.

அப்போது காற்று நின்றது. வானம் பளிச்சென்று துடைத்துவிட்ட மாதிரி ஆனது. அந்தப் பக்கத்து மனிதர்களுக்கு இதன் பொருள் தெரியும். இனி குளிர் இறங்கும். ஹெல்மர் டப்பாவைத் தொட்டுப் பார்த்தான். கீழறை சூடாக இருந்தது. மேலறையில் விரலை வைத்தபோது தோல் பித்தளையோடு ஒட்டிக்கொண்டது.

விளக்கு வெள்ளையிலிருந்து மஞ்சளுக்கு வந்தது. மஞ்சளிலிருந்து நீலப்பொட்டு. பிறகு அதுவும் இல்லை.

“ஹெல்மர்” என்று உள்ளேயிருந்து டாக்டரின் குரல் வந்தது. பதற்றமில்லாத குரல். “வெளிச்சம்.”

“இதோங்க.”

திருகைத் திருகினான். அசையவில்லை. ஸ்பானரால் தட்டினான். உள்ளங்கையால் பொத்திப் பிடித்தான். வாயை வைத்து ஊதினான், உதடு ஒட்டிக்கொண்டு கொஞ்சம் தோல் அங்கேயே தங்கிவிட்டது.

“வெளிச்சம், ஹெல்மர். ரத்தக்குழாய் ஒண்ணு விட்டுருச்சு. பிடிக்கணும்.”

உள்ளே, கதவுக்கு மூன்று தப்படிக்குள், கருவிகளைப் போட்டெடுத்த அண்டாவில் இன்னும் சூடு ஆறாத தண்ணீர் இருந்தது. ஒரு குவளை ஊற்றினால் திருகு இளகிவிடும். ‘வெந்நீர் குடுங்க’ என்று கேட்க வேண்டியதுதான். கேட்டால் டாக்டர், ‘ஏன், ஸ்பிரிட் ஊத்தலையா?’ என்பார். அவ்வளவுதான் விஷயம். ஹெல்மர் வாயைத் திறந்தான். பிறகு மூடிக்கொண்டான்.

டிரைவர்களுக்கு வேறொரு வழியும் தெரியும். நடுவழியில் தண்ணீர் தீர்ந்தால் எல்லோரும் செய்வதுதான். வெதுவெதுப்பானது, உப்புள்ளது, எப்போதும் கையிருப்பில் இருப்பது. ஹெல்மர் டப்பாவின் மூடியைக் கழற்றிவிட்டு, கால்சட்டைப் பொத்தான்களை அவிழ்த்து நின்றான்.

வரவில்லை.

எத்தனை நாள் பிரசங்கத்தின் நடுவில் அவனைப் பாடாய்ப் படுத்தியிருக்கிறது! இப்போது ஒரு சொட்டு இல்லை. இருட்டில், நட்சத்திரங்களுக்குக் கீழே, ஒரு மனுஷியின் வயிறு திறந்து கிடக்கிற வீட்டு ஜன்னலைப் பார்த்தபடி, கையில் பிடித்துக்கொண்டு நின்றான்.

“ஹெல்மர்.” இந்த முறை குரல் டோர்கிலுடையது. “தம்பி, ரொம்ப நனைஞ்சுட்டே போகுது இங்க.”

ஓடுகிற ஆற்றை நினைத்தான். கன்றுக்குட்டிகளை நினைத்தான். கடைசியில் எதையும் நினைக்காமல் அழ ஆரம்பித்தபோது வந்தது. திருகின்மேல் ஆவி பறந்தது. பனிக்கட்டி சடக்கென்று விட்டது. கல் பொங்கியது. தீக்குச்சியைக் காட்டினதும் விளக்கு முன்னெப்போதையும்விட வெள்ளையாகப் பற்றிக்கொண்டது.

ஜன்னலுக்குள் மேசையெல்லாம் சிவப்பாக இருந்தது. டாக்டர் முழங்கை வரை சிவப்பு. அவர் தேடிப் பிடித்துக் கட்டினார், தைத்தார், எல்லாம் ஒழுங்காகச் செய்து முடித்தார். முடித்த பிறகு ரக்னாவின் கழுத்தில் விரலை வைத்துப் பார்த்தவர் ரொம்ப நேரம் விரலை எடுக்கவில்லை. டோர்கில் துணியின்மேல் இன்னும் ஈதரைச் சொட்டிக்கொண்டிருந்தார்.

“போதும்ப்பா” என்றார் டாக்டர்.

வெளியே வந்து கைகழுவும்போது அவர் ஹெல்மரைத் திட்டவில்லை. “எப்படி எரிய வச்சே?”

ஹெல்மர் சொன்னான்.

“நல்லவேளை, சமயத்துல அந்த யோசனையாவது தோணிச்சே” என்றார். “அந்த மருந்துக்கடைக்காரன் ஸ்பிரிட்ல தண்ணி கலந்திருக்கான். இல்லேன்னா எப்படி உறையும்? பச்சைக் கொலைகாரன். நாளைக்கு வச்சுக்கறேன் அவனை.”

ஹெல்மர் விளக்கின் கண்ணாடியைத் துடைத்தான். துடைக்கத் தேவையில்லாமல் சுத்தமாகத்தான் இருந்தது.

டோர்கில் தொழுவத்தில் ஓட்ஸ் மூட்டைகள் இருந்த பக்கத்திலிருந்து ஒரு புட்டியோடு வந்தார். அக்வவிட் என்கிற நார்வே சாராயம், மூடி உடைக்காதது. “அவளுக்குத் தெரியாம வச்சிருந்தேன்” என்றார். “இனிமே ஒளிக்க வேண்டியதில்ல.” அதை ஹெல்மரின் கையில் வைத்து விரல்களை மூடினார். “விளக்குல ஊத்திக்கோ, தம்பி. அடுத்த வீட்டுலயாவது நிக்காம எரியட்டும். நீ அழுதது எனக்குக் கேட்டுச்சு.”

டாக்டர் உள்ளே டோர்கிலோடு சேர்ந்து ரக்னாவைக் கழுவித் துடைத்துக்கொண்டிருந்தார். ஹெல்மர் காருக்குப் பின்னால் போனான். டப்பாவின் மூடியைத் திறந்தது நிஜம். புட்டியைச் சாய்த்ததும் நிஜம். நடுவில் கை தன் பழைய வழியில் போய்விட்டது. அரைப்புட்டி தீர்ந்த பிறகுதான், மிச்சத்தையாவது ஊற்றலாம் என்று தோன்றியது. மிச்சமும் தீர்ந்த பிறகு, டப்பாவில் கிணற்றுத் தண்ணீரை ஊற்றி மூடினான்.

கிளம்பினார்கள். ஓடைப்பாலம் வரை விளக்கு எரிந்தது. பாலத்தில் அணைந்தது.

ஹெல்மர் காரை நிறுத்தினான். எங்கும் இருட்டு. சமவெளி முழுவதுக்கும் ஒரே ஒரு வெளிச்சம், பின்னால் டோர்கிலின் அடுக்களையில். ஈதர் வெளியேறியபின் மறுபடி அடுப்பு மூட்டி விளக்கேற்றியிருந்தார்.

டாக்டர் அந்த வெளிச்சத்தைத் திரும்பிப் பார்த்தார். பிறகு, “டோர்கில் ஒரு பாட்டில் குடுத்தாரே” என்றார்.

“ஊத்திட்டேங்க.”

“எதுல?”

கூரை இல்லாத வண்டி. ஹெல்மர் முகத்தைத் திருப்பிக்கொண்டான். ஆனால் காற்றில்லாத அந்தக் குளிரில் மூச்சு எங்கும் போகாமல் இரண்டு பேருக்கும் நடுவிலேயே வெள்ளையாக நின்றது.

“ஸ்பிரிட்டும்?” என்றார் டாக்டர்.

“ஆமாங்க.”

டாக்டர் கையுறைகளைக் கழற்றினார், மறுபடி மாட்டிக்கொண்டார். “மருந்துக்கடைக்காரன்கிட்ட என்னவெல்லாம் சொல்லணும்னு யோசிச்சுட்டு வந்தேன்” என்றார். “நல்ல நல்ல வார்த்தையாச் சேர்த்து வச்சிருந்தேன்.” அப்புறம், “இறங்கு. போய் டோர்கில்கிட்டச் சொல்லு.”

“டாக்டர், இன்னிக்கேவா...”

“இன்னிக்குத்தான். வரும்போது வெந்நீர் வாங்கிட்டு வா.”

ஹெல்மர் நடந்தான். வயலில் அறுத்துவிட்ட கோதுமைத் தட்டைகள் காலடியில் கண்ணாடி மாதிரி நொறுங்கின. வழியில் நல்ல பொய்கள் இரண்டு தோன்றின. இரண்டாவது பொய் முதலாவதைவிட மேலாக இருந்தது. கதவைத் தட்டும்வரை அதைக் கையில் வைத்திருந்தான்.

டோர்கில் திறந்தார். பின்னால் மேசையில் வெள்ளைத் துணி போர்த்தியிருந்தது. “அணைஞ்சிருச்சா?” என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் அடுப்பிலிருந்த கெட்டிலை எடுக்கப் போனார். மாலை முழுக்க ஈதரை மூக்கருகே பிடித்திருந்தவருக்கு ஹெல்மரின் வாய் நாற்றம் தெரிய வழியில்லை. அதுவாகத் தெரியாது. சொன்னால்தான் தெரியும்.

“கடைக்காரன் தண்ணி கலக்கல” என்றான் ஹெல்மர். “விளக்கு ஸ்பிரிட்டை நான் குடிச்சேன். அக்டோபர்லேர்ந்து. நீங்க குடுத்ததையும்.”

கெட்டில் டோர்கிலின் கையிலேயே இருந்தது. அதன் மூக்கு வழியாக ஆவி போய்க்கொண்டிருந்தது. அந்தக் கொதிதண்ணீர் தன் முகத்தில் வரும் என்று ஹெல்மர் எதிர்பார்த்தான். அதற்காக முகத்தைக் கொஞ்சம் முன்னால் நீட்டவும் செய்தான்.

“இங்க வெந்நீர் இருந்ததே” என்றார் டோர்கில். “கேட்டிருக்கலாமே.”

ஹெல்மர் நீட்டிய முகத்தைப் பின்னால் இழுத்துக்கொண்டான்.

டோர்கில் கெட்டிலைச் சுற்றி ஒரு துணியைக் கட்டினார், பிடிக்கச் சுடாமலிருக்க. அவனிடம் நீட்டினார்.

“எடுத்துட்டுப் போ. டாக்டர் குளிர்ல உக்காந்திருக்கார்” என்றார். “கெட்டில் ரக்னாவோடது. டாக்டர்கிட்ட குடுத்தனுப்பு. நீ கொண்டு வராதே.”

கதவு சத்தமில்லாமல் சாத்திக்கொண்டது. ஹெல்மர் கெட்டிலை மார்போடு அணைத்துப் பிடித்துக்கொண்டு, ஆறுவதற்குள் போய்ச் சேர வேண்டுமே என்று, ஓட ஆரம்பித்தான்.