தாழம்பூ வானொலியின் இரண்டு பாண்டிச்செல்விகள்

கோச்சடையில் ஒரு மாவு மில்லுக்கு மேலே, மாடியில் இயங்கும் தாழம்பூ வானொலிக்கு மொத்தமே இரண்டு அறைகள். ஒன்றில் நிலையப் பொறுப்பாளர் பீமாராவ் உட்கார்ந்திருப்பார். சத்தம் புகாத இன்னொன்றில் தினமும் மத்தியானம் பாண்டிச்செல்வி பேசுவாள். அவளுடைய நிகழ்ச்சிக்கு 'உலை கொதிக்குது' என்று பெயர். சமையலுக்கு நடுவே போன் போடும் பெண்களோடு வம்பளப்பாள். குழம்பில் உப்பு கூடிப்போனால் பழியை யார் தலையில் போடலாம் என்று யோசனை சொல்வாள். வாய் கூசாமல் பொய்யும் சொல்வாள். "நான் பாண்டிச்செல்வி இல்லங்க, அவ பெரியம்மா மக. அவளுக்குத் தொண்டை கட்டிருச்சு" என்று ஒருநாள் முழுக்க வேறு ஆளாகவே பேசிவிட்டுக் கடைசியில் சிரித்துக் காட்டிக்கொடுத்துவிடுவாள். கேட்கிறவர்கள் அந்தச் சிரிப்புக்காகவே காத்திருப்பார்கள்.

இப்பேர்ப்பட்டவளுக்கு நாலு பேர் முகத்தைப் பார்த்துப் பேச வராது என்பது அந்தக் கோடை வரைக்கும் ஒருவருக்கும் தெரியாது, அவளைத் தவிர.

மே மாதம் பிறந்ததும் பீமாராவ் கூப்பிட்டுச் சொன்னார். "லீவு நேரம். எல்லா ஏரியாவுலயும் ஏதாச்சும் விழா நடக்குது. ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை நாமளே கெளம்பிப் போயி, அங்கருந்து நேரலை போடுவோம். மேடையில ஏறி நீ பேசுற. மன்சூர் மிசினப் பாத்துக்குவாரு. சுருளி வேன் ஓட்டுவான்."

"நான் வேணா இங்கருந்தே பேசுறேன் சார்."

"நீ இங்கருந்து பேசுறதுக்கு வேன் எதுக்கும்மா?"

முதல் ஞாயிறு நாகமலை புதுக்கோட்டையில் பிள்ளைகளுக்கான கோடை முகாம். பாண்டிச்செல்வி மேடையேறி "வணக்கம்" என்றாள். எதிரே இருந்த கண்களைப் பார்த்தாள். தண்ணீர் குடித்தாள். மறுபடி "வணக்கம்" என்றாள். அதற்குமேல் ஒன்றும் வரவில்லை. மைக்கை மன்சூரின் கையில் கொடுத்துவிட்டு இறங்கிவிட்டாள். ஒலிப்பதிவுக்காரரான மன்சூர் தன் வாழ்நாளில் மைக்கில் பேசியதெல்லாம் "செக், செக்" என்பது மட்டும்தான். அவர் அதையே பேசினார். பிள்ளைகள் கைதட்டினார்கள்.

இரண்டாவது ஞாயிறு கோச்சடையிலேயே ஒரு நீர்மோர்ப் பந்தல் திறப்பு. இந்தத் தடவை அவள் வேனுக்குள் உட்கார்ந்து கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பேசினாள். ஸ்பீக்கரில் குரல் மட்டும் கேட்டது. ஆளைக் காணோமே என்று தேடிய சனம் கடைசியில் வேனைச் சுற்றி வந்து கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு நின்றது. அதோடு அந்தப் பேச்சும் நின்றது.

"அடுத்தது ஒத்தக்கடை. அங்கயும் இப்புடின்னா நான் வேற ஆளத்தான் பாக்கணும்" என்றார் பீமாராவ். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் அவளுக்குக் கூடுதலாக வலித்தது.

ஒத்தக்கடையில் புதிதாக வீடுகள் எழும்பிய பொன்மணி நகரில் குடியிருப்போர் சங்கத்தின் கோடை விழா. வாசலில் பெரிய பிளெக்ஸ். பாண்டிச்செல்வியின் படம் யாரிடமும் இல்லாததால், ஒரு மைக்குக்கு மல்லிகைச்சரம் சுற்றிய படத்தைப் போட்டு 'உங்கள் பாண்டிச்செல்வி நேரில்' என்று அடித்திருந்தார்கள். சங்கச் செயலாளர் முத்துக்குமரன் கையில் மாலையோடு காலையிலிருந்து ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வேன் மாட்டுத்தாவணியைத் தாண்டியதும் முன்பக்கம் புகை கிளம்பியது. சுருளி இறங்கிப் பார்த்தான். "தண்ணி ஊத்தி ஆற விடணும். கொஞ்ச நேரமாகும்" என்றான்.

"நல்லா ஆறட்டும்ணே. நமக்கென்ன அவசரம்" என்றாள் பாண்டிச்செல்வி. அன்று காலையிலிருந்து அவள் முகத்தில் வந்த முதல் தெளிச்சி அதுதான்.

அதே நேரம் பொன்மணி நகர் வாசலில் ஒரு ஷேர் ஆட்டோ வந்து நின்றது. இறங்கியவள் மேலூர் தங்கப்பொண்ணு. ஊர் ஊராக, வீடு வீடாகப் போய் நைட்டி விற்கிறவள். விழா நடக்கிற இடத்தில் கடை விரிக்கலாம் என்று பெரிய மூட்டையோடு வந்திருந்தாள். இறங்கும்போதே ஆட்டோக்காரரோடு வாக்குவாதம்.

"மூட்டைய ஒரு கை தூக்கிவிட்டா உங்க கை தேஞ்சிருமா? தேஞ்சா சொல்லுங்கண்ணே, எண்ணெ தேச்சு விடுறேன்."

அந்தக் கணீர்க் குரலும் நையாண்டியும் முத்துக்குமரனின் காதில் விழுந்தன. அவருக்குச் சந்தேகமே வரவில்லை. ஓடிப்போய் மாலையைப் போட்டார். கொட்டுக்காரர்கள் முழக்கினார்கள். சங்கத்து ஆட்கள் நைட்டி மூட்டையைத் தூக்கினார்கள். "பாத்துப்பா, உள்ள மிசினு இருக்கும், அலுங்காமக் கொண்டு போங்க" என்றார் ஒருவர்.

"ஐயா, நான் நைட்டி விக்க வந்தவ" என்றாள் தங்கப்பொண்ணு.

முத்துக்குமரன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "ரேடியோவுல கேக்குற மாதிரியேல்ல இருக்கு."

மேடையில் ஏற்றி மைக்கைக் கையில் கொடுத்தபோதும் அவள் உண்மையைத்தான் சொன்னாள். "அழகர் மேல சத்தியமாச் சொல்றேன், நான் அந்தப் பிள்ளை இல்ல. எனக்கு மேலூரு, பேரு தங்கப்பொண்ணு."

பந்தல் குலுங்கியது. "அன்னைக்குப் பெரியம்மா மகளுன்னீக, இன்னைக்கு மேலூரா?" என்று ஒரு பெண் எழுந்து நின்று கேட்டாள்.

தங்கப்பொண்ணு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கூட்டத்தைப் பார்த்தாள். இத்தனை வருடமாகப் பாதி திறந்த கதவுகளின் முன்னாலும், குரைக்கிற நாய்களின் முன்னாலும் நின்று பேசியவள் அவள். இங்கே பந்தல் கொள்ளாமல் பெண்கள் தாமாகவே வந்து உட்கார்ந்து அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். இதை வேண்டாமென்று சொல்ல அவளுக்கு மனசு வரவில்லை.

"சரி, நான் சொன்னா நம்ப மாட்டீக. உங்க இஷ்டம்" என்று சொல்லிவிட்டு மைக்கை நன்றாகப் பிடித்துக்கொண்டாள்.

வேன் வந்து சேர்ந்தபோது ஆண்களுக்கான பூக்கட்டும் போட்டி நடந்துகொண்டிருந்தது. புருஷன்மார் வரிசையாகத் தரையில் உட்கார்ந்து மல்லிகையோடும் நாரோடும் மல்லுக்கட்ட, தங்கப்பொண்ணு மேடையிலிருந்து ஒவ்வொருவராக விசாரித்தாள். "கண்ணாடி போட்ட அண்ணே, அது பூவு. மாட்டுக்குக் கயிறு திரிக்கிற மாதிரி திரிக்காதீக. பச்சைச் சட்டை மாப்ள, நீங்க கட்டுறதத் தலையில வச்சா அக்கா தெருவுல போக முடியாது, பக்கத்து வீட்டு ஆடு வெரட்டும்."

மன்சூர் வாசலிலேயே நின்றுவிட்டார். "யா அல்லா. யாரு இந்தம்மா? உன் பேரச் சொல்லில்ல கூப்பிடுறாக. இரு, நான் போயி நிப்பாட்டுறேன்."

பாண்டிச்செல்வி அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "விடுங்கண்ணே. நல்லாத்தான போகுது. கும்புடப் போன சாமி குறுக்க வந்திருக்கு."

முத்துக்குமரன் வேகமாக வந்தார். "ரேடியோக்காரவுகளா? அம்மா முன்னாடியே வந்துட்டாக. நீங்க இப்புடி லேட்டா வந்தா எப்புடி?" பாண்டிச்செல்வியைப் பார்த்து, "நீங்க?" என்றார்.

"நான் ஒயர் பிடிக்கிறவங்க."

"அப்ப அங்கிட்டு உக்காந்து மோர் குடிங்க."

மன்சூர் தன் மைக்கைப் பந்தல் ஸ்பீக்கரோடு இணைக்கப் போனார். பாண்டிச்செல்வி கடைசி வரிசைப் பாயில் போய் உட்கார்ந்தாள். இவ்வளவு நிம்மதியாக ஒரு விழாவில் அவள் உட்கார்ந்ததே இல்லை. பக்கத்தில் அந்த நகரைச் சேர்ந்த செல்லத்தாய் என்ற பெண், மடியில் மோர் டம்ளரோடு சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"நேர்ல நல்லாப் பேசுது" என்றாள் செல்லத்தாய். "ரேடியோவுலதான் கொஞ்சம் அலட்டும்."

பாண்டிச்செல்வி மோர் டம்ளரைக் கீழே வைத்தாள். "அலட்டுமா?"

"நம்மளப் பேச விடாது. நான் ஒருக்கா போன் போட்டேன். மாமியாருக்கு முடியாம ஆஸ்பத்திரியில சேத்திருந்தோம். மனசு கெடந்து அடிச்சுக்கிருச்சு, யாருட்டயாச்சும் சொல்லலாம்னு போட்டேன். அது ரசத்துக்குப் புளி எம்புட்டுப் போடுவீகன்னு கேட்டுச்சு, சிரிச்சுச்சு, அடுத்த ஆளக் கூப்புட்டுருச்சு."

பாண்டிச்செல்விக்கு அந்த அழைப்பு நினைவில் இல்லை. நினைவில் இல்லாததே அவளுக்கு என்னவோ போலிருந்தது. "இப்ப அவுகளுக்கு எப்புடி இருக்கு?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"இப்ப என்ன, ஜோராத்தான் இருக்காக. அந்தா, முன்னாடி சேர்ல உக்காந்து, என் வீட்டுக்காரரு பூக்கட்டுறதப் பாத்துத் திட்டிக்கிட்டு இருக்காக பாருங்க."

அப்போது மன்சூர் குனிந்தபடி ஆட்களுக்கு நடுவே நுழைந்து வந்தார். கையில் ஒயரில்லா மைக். "செல்வி, நேரலை ஆரம்பிக்கணும். பீமாராவ் சார் லைன்ல காத்திருக்காரு. அந்தம்மாவப் பேசவிட்டா முதல் வார்த்தையிலயே கண்டுபிடிச்சிருவாரு. ஏறுறியா, இல்லையா?"

மேடையைப் பார்த்தாள். எழுந்திருக்க முடியவில்லை. எழுந்திருக்காவிட்டால் என்ன என்று அப்போதுதான் தோன்றியது. மைக்கை வாங்கிக்கொண்டு, கூட்டத்துக்கு முதுகைக் காட்டியபடி, செல்லத்தாயின் பக்கம் திரும்பிச் சம்மணமிட்டு உட்கார்ந்தாள்.

"உலை கொதிக்குது. ஒத்தக்கடையிலருந்து நான் பாண்டிச்செல்வி" என்றாள். "அக்கா, அன்னைக்கு உங்களப் பேச விடல. இன்னைக்கு நான் வாயவே தொறக்கல. நீங்க சொல்லுங்க."

குரல் ஸ்பீக்கர்களில் பரவியதும் பந்தல் அமைதியானது. பூக்கட்டியவர்களின் கைகள் அப்படியே நின்றன. செல்லத்தாய் டம்ளரைப் பாயில் சாய்த்துவிட்டாள். "அடியாத்தி, நீதானா அது? அலட்டும்னு வேற சொல்லிட்டேனே" என்றாள். அந்த வார்த்தையும் அப்படியே ரேடியோவில் போனது.

மேடையிலிருந்து தங்கப்பொண்ணு பெருமூச்சு விட்டாள். "வந்துட்டியா தாயி? தொண்டத்தண்ணி வத்த உண்மையச் சொன்னேன், ஒருத்தரும் நம்பலயே. நீ பொய் சொல்லிப் பழக்கிவிட்டதுக்கு நான்ல மாட்டிக்கிட்டேன்."

முத்துக்குமரன் இங்கும் அங்கும் பார்த்தார். முகம் வேர்த்துவிட்டது. மேடையேறித் தங்கப்பொண்ணின் கழுத்து மாலையைத் தயக்கத்தோடு பார்த்தார்.

"போட்ட மாலையக் கழட்டக் கூடாது" என்று அவள் பிடித்துக்கொண்டாள். "வேணும்னா அந்தா அண்ணன்மார் கட்டுனது கெடக்கு, அதப் போட்டுவிடுங்க."

மாட்டுக்கயிறு போல முறுக்கிக் கட்டிய மல்லிகைச்சரம் கைமாறிக் கைமாறிக் கடைசி வரிசைக்கு வந்தது. செல்லத்தாய் அதைப் பாண்டிச்செல்வியின் கழுத்தில் போட்டுவிட்டு, மாமியார் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது பக்கத்துக் கட்டில்காரியோடு சண்டை போட்ட கதையைச் சொல்ல ஆரம்பித்தாள். முன்வரிசையிலிருந்து மாமியார் அதை மறுத்தார். மைக் அவரிடம் போனது. அங்கிருந்து அடுத்தவரிடம் போனது. மேடையிலிருந்து தங்கப்பொண்ணு குறுக்கே பேச, பாயிலிருந்து பாண்டிச்செல்வி பதில் சொன்னாள்.

"அக்கா, உங்க நைட்டி சாயம் போகுமா, போகாதா? உண்மையச் சொல்லுங்க."

"முதல் துவையில கொஞ்சம் போகும். புருசன் வேட்டியோட சேத்து ஊறப் போடாதீக. இல்ல, கோவமிருந்தா போடுங்க."

நிகழ்ச்சி முடிந்ததும் பீமாராவ் போனில் கேட்ட முதல் கேள்வி, "யாருப்பா அந்த இன்னொரு பொம்பள?" என்பதுதான். மன்சூர் விஷயத்தைச் சொன்னார். உடனே பீமாராவ், "அடுத்த ஞாயிறு வருவாகளான்னு கேளு" என்றார்.

தங்கப்பொண்ணு வரச் சம்மதித்தாள், மூட்டைக்கும் வேனில் இடம் வேண்டும் என்ற நிபந்தனையோடு. அதன்பிறகு அந்தக் கோடை முழுக்க அவள் மேடையில் நின்றாள். பாண்டிச்செல்வி கூட்டத்தில் யாராவது ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து பேசினாள். ஒரு முகத்தைப் பார்த்தால் பயம் வருவதில்லை. அந்த முகம் பேசி முடிக்கும்வரை அடுத்த ஆளைக் கூப்பிடவும் தோன்றுவதில்லை.

கடைசி ஞாயிறு வாடிப்பட்டிப் பக்கம் ஒரு விவசாயிகள் சந்தையின் ஆண்டு விழா. அவள் பக்கத்தில் வாய்த்தவர் மொக்கைச்சாமி என்ற கத்தரிக்காய் வியாபாரி. அவருக்குக் காது மந்தம்.

"என்ன கேக்குறன்னே வெளங்கல, சத்தமாச் சொல்லு" என்றார்.

சத்தமாகச் சொன்னாள். அவர் கையைக் காதில் குவித்தார். முட்டி போட்டுச் சொன்னாள். கேட்கவில்லை. எழுந்து நின்று, குனிந்து, கையை ஆட்டி, "கத்தரிக்கா எந்த ஊருது?" என்று கத்தினாள். மொத்தச் சந்தையும் சேர்ந்து "அய்யம்பாளையம்" என்றது. நிமிர்ந்து பார்த்தாள். சனம் முழுவதும் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது.

மேடையில் தங்கப்பொண்ணு மைக்கை அணைத்துவிட்டு, மெல்ல ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டாள். பாண்டிச்செல்வி உட்காரவில்லை. "அய்யம்பாளையமா? அங்க எனக்கு ஒரு பெரியம்மா மக இருக்கா" என்று ஆரம்பித்தாள்.

"பொய்யி" என்றார் மொக்கைச்சாமி. அது மட்டும் அவருக்கு நன்றாகக் கேட்டிருந்தது.