மனச்சாட்சிக்கு முதல் நன்றி

சவப்பெட்டி கோயிலுக்குள் போய்விட்ட பிறகும் யோன் வாசலில் நின்று டெனிஸின் டையை அவிழ்த்து அவிழ்த்துக் கட்டிக்கொண்டிருந்தான். பெண்சாதியைப் பறிகொடுத்தவனின் கைக்கு மைத்துனனின் கழுத்துத்தான் அகப்பட்டது.

“பூசை முடிய நீதான் நன்றி சொல்லோணும். முதல் நன்றி அவைக்கு.”

“அவைக்கோ, அத்தான்?”

“ஓம். எனக்குக் குசினியில சமையல் வேலை தாறம், விசாவுக்கும் எழுதுறம் எண்டு கரோலின் சொல்லிப்போட்டா. ரெண்டு பிள்ளையளையும் கொண்டு மன்னாருக்குப் போய் நான் என்ன செய்யிறது? நீ வாயை வச்சுக்கொண்டு சும்மா இரு.”

வாயைச் சும்மா வைத்துக்கொண்டு நன்றி சொல்வது எப்படி என்று டெனிஸ் கேட்கவில்லை. செத்துப்போன யசிந்தா அவனுக்கு ஒரே அக்கா.

‘அவை’ என்றால் டண்டினோங் புறநகர்ப் பக்கம் கன்னியாஸ்திரிகள் தொடங்கிய ஒரு முதியோர் இல்லம். கரோலின் அதன் பணிப்பாளர். யசிந்தா அங்கே சலவைப் பகுதியில் வேலை செய்தாள். அவளுடைய விசாவுக்கு அரசாங்க வைத்தியம் கிடையாது. காப்புறுதியை இல்லமே எடுத்துக் கொடுத்தது. இரண்டாவது பிள்ளையோடு அவளுடைய இருதயம் வீங்கிப்போனது. இன்னொன்று உண்டானால் ஆள் தப்பாது, கருக்குழாயைக் கட்டிவிடுங்கள் என்றார் டாக்டர். போய்ப் பார்த்தால், காப்புறுதியில் அது மட்டும் இல்லை. பல்லுக்கு இருந்தது. கண்ணாடிக்கு இருந்தது. முதுகு பிடித்துவிடக்கூட இருந்தது. இது திருச்சபையின் போதனைக்கு விரோதம், எங்கள் மனச்சாட்சி இடம் கொடுக்காது என்று கரோலின் யசிந்தாவின் இரண்டு கையையும் பிடித்துச் சொன்னாளாம். ஆனால் அந்த மனச்சாட்சி யாரையும் வெறுங்கையோடு அனுப்பாது. நாள் பார்த்துச் சேருவதற்கு ஒரு கலண்டர் கொடுத்தது. இலவசம். மாதத்துக்கு ஒரு புனிதர்.

கைக்காசில் செய்விக்கலாம் என்று யோன் இரவிரவாக டாக்சி ஓடினான். காசு சேருமுன் பிள்ளை உண்டாகிவிட்டது. ஏழாம் மாதம், அடுத்தவர்களின் படுக்கை விரிப்புகளை மடித்துக்கொண்டு நின்றவள் அப்படியே சரிந்தாள். இப்போது பெட்டிக்குள் இரண்டு பேர். மூடியில் ஒரு பெயர்.

பூசை முடிந்தது. யோன் இங்கிலிசில் எழுதிக் கொடுத்திருந்ததை டெனிஸ் சட்டைப் பைக்குள் வைத்துவிட்டு மைக்கைச் சரிசெய்தான். பரிசளிப்பு விழாவில் பேசுகிறவனைப்போல நிதானமாக, தமிழில் தொடங்கினான்.

“அக்கா வேலை செய்த இல்லத்துக்கு முதல் நன்றி. அவவின்ர பல்லில ஒரு குறையும் வராமப் பார்த்தவை. அவவைத் தப்ப வச்சிருக்கக்கூடிய ஒரேயொரு ஒப்பரேஷனை மனச்சாட்சிக்காக விட்டவை. அந்த மனச்சாட்சிக்கு ஒரு கீறல் இல்லை. சுகமா, முன் வரிசையில இருக்குது. வயித்தில இருந்த பிள்ளைக்கு நாங்கள் இன்னும் பேர் வைக்கேல்ல. அவையின்ர போதனையில இடமிருந்தா அவையே ஒரு பேர் சொல்லட்டும்.”

பிறகு முன் வரிசையைப் பார்த்துத் தலையைக் குனிந்து, இல்லத்தின் பெயரை மட்டும் இங்கிலிசில் சொன்னான். கரோலின் நெஞ்சில் கைவைத்து, கண் கலங்கித் தலையசைத்தாள்.

கோயில் நிறைய இருந்த தமிழர்களில் ஒருவர்கூட இருமவில்லை. செபமாலை உருட்டிக்கொண்டிருந்த ஒரு அன்ரியின் விரல் அந்த மணியிலேயே நின்றது. பீடத்தில் பாதர் தன் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கரோலின் யோனின் பக்கம் சாய்ந்து, தம்பி என்ன சொன்னார் என்று கேட்டாள்.

யோன் டெனிஸைப் பார்த்தான். பக்கத்தில் மூத்தவள் தங்கச்சியை மடியில் வைத்திருந்தாள். அவர்களையும் பார்த்தான்.

“ஹி செட் தேங்க் யூ,” என்றான். கொஞ்சம் பொறுத்து, “வெரி மச்.”

பெட்டியைத் தூக்க யோனோடு ஆறு பேர் வந்து நின்றார்கள். தானும் ஒரு கை பிடிக்கலாமா என்று கரோலின் தாழ்ந்த குரலில் கேட்டாள். யோன் கைபிடியில் இருந்த தன் கையைச் சற்றுப் பின்னால் நகர்த்தி, அவளுக்கு இடம் விட்டான்.