பிளேட் வைத்த கிரவுன்

இப்போதெல்லாம் தேங்காய் வாங்கக்கூட எவனும் காயைத் தட்டிப் பார்ப்பதில்லை. போனைத் தட்டிப் பார்க்கிறான். ஊர் பேர் தெரியாத பத்து பேர் நல்ல காய் என்றால் வாங்குகிறான். உடைத்தால் அழுகல். ஜீவனஹள்ளியில் நாற்பது வருஷமாகக் கியர்பாக்ஸும் கிரவுனும் பிரித்து மாட்டும் கோவிந்தனுக்கு இந்த ஜனங்களைக் கண்டாலே வாயில் எச்சில் ஊறும், துப்புவதற்கு.

பிரேசர் டவுன் நிக்கோலும் அந்த ரகம்தான். வாரமெல்லாம் ஆபீஸ், ஞாயிறானால் ஆட்டோகிராஸ். மைதானத்தில் கூம்புகளை நட்டு, அவற்றைச் சுற்றிச் சுற்றி யார் சீக்கிரம் வருகிறார்கள் என்று பார்க்கும் விளையாட்டு. போன சுற்றில் அரை செகண்டில் முதலிடம் கைநழுவியது. வரும் ஞாயிறு கடைசிச் சுற்று. அதையும் விட்டால் இந்த வருஷக் கோப்பை இல்லை.

எங்கே கோட்டை விட்டோம் என்று அவளுக்கே தெரியும். அவளுடைய ரெண்டு சீட் வண்டியைப் பின் சக்கரங்கள்தான் தள்ளும். கடும் திருப்பத்தில் உள்பக்கச் சக்கரம் தரையை விட்டுத் தூக்கும். இஞ்சின் பலத்தைப் பின் சக்கரம் இரண்டுக்கும் பிரித்துக் கொடுப்பது கிரவுன். சாதாரண கிரவுன், சோம்பேறிக்கே அள்ளிக் கொடுக்கும் முதலாளி மாதிரி, இஞ்சின் பலத்தையெல்லாம் அந்தச் சக்கரத்தில் கொட்டும். அது சும்மா சுழலும். அதைத் தடுக்கிற கிரவுன் வேண்டும் என்று கோவிந்தன் ஷெட்டில் வந்து நின்றாள்.

"பல்லு வச்சது வாங்கும்மா. காலத்துக்கும் ஒழைக்கும்," என்றார் கோவிந்தன். "பிளேட் வச்சது கிளட்ச் மாதிரி. தேஞ்சிகினே கெடக்கும்."

"சக்கரம் தரையில இருந்தாதான் அங்கிள் பல்லு டைப் பிடிக்கும். என்னுது காத்துல தூக்குதே. பிளேட்தான் வேணும்."

"யாரு சொன்னது?"

"ஆன்லைன்ல எல்லாரும்," என்றான் கூட வந்த அவள் அண்ணன் நோயல்.

"அந்த எல்லாரும் வண்டி அடியில படுத்துப் பாத்தானுங்களா?"

நோயல் சிரித்தான். நிக்கோல் சிரிக்கவில்லை. பிளேட் கிரவுனையே வரவழைத்தாள்.

பெட்டிக்குள் கிரவுனோடு ஒரு சின்ன பாட்டிலும் இருந்தது. "இத ஆயில்ல கலக்கணும் அங்கிள், மறந்துடாதீங்க," என்றாள் நிக்கோல்.

கோவிந்தன் மறக்கவில்லை. வேண்டுமென்றே விட்டார். எண்ணெய்க்குள் ஊற்ற இன்னொரு எண்ணெய் விற்கிறவன் திருடனாகத்தான் இருப்பான். பாட்டிலை ஊதுபத்தி ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, எல்லா வண்டிக்கும் ஊற்றும் தொண்ணூறு நம்பர் ஆயிலையே டிரம்மிலிருந்து ஊற்றினார்.

சனிக்கிழமை காலை மைதானத்தில் வெள்ளோட்டம். முதல் திருப்பத்திலேயே வண்டியின் பின்பக்கம் கடகடவென்று நடுங்கியது. சட்டிக்குள் எலும்பைப் போட்டுக் குலுக்கிய மாதிரி சத்தம். நிக்கோல் வெளுத்துப்போய் இறங்கினாள்.

"நாளைக்கு ஓட்டமே போச்சு அங்கிள்."

"சொன்னேன் இல்ல? அந்த எல்லாரையும் கூப்புடு, வந்து தள்ளட்டும்." கோவிந்தனுக்கு அந்த வாரத்தில் கிடைத்த முதல் சந்தோஷம் அது.

நோயல் போனிலிருந்து தலை நிமிர்த்தினான். "அந்த பாட்டில் ஊத்தலன்னா இப்பிடித்தான் சத்தம் வருமாம். ஊத்தினீங்களா அங்கிள்?"

கோவிந்தன் எதிரே இருந்த மரத்தைப் பார்த்தார்.

"அங்கிள்!" நிக்கோல் அவருக்கும் மரத்துக்கும் நடுவில் வந்து நின்றாள். "ஊத்தினீங்களா, இல்லையா?"

"பாட்டில் பத்திரமாத்தான் இருக்குது. வண்டிய ஷெட்டுக்கு வுடு."

பழைய ஆயிலை வடித்து, புது ஆயிலோடு அந்தப் பாட்டிலையும் அவரே கவிழ்த்தார், கழுதைக்குக் கஷாயம் புகட்டுகிற முகத்தோடு. அது பிளேட்டுக்கெல்லாம் பரவட்டும் என்று நிக்கோல் மெதுவாக எட்டு எட்டாகப் போட்டு ஓட்டினாள். இருபதாவது எட்டில் சத்தம் அடங்கியது.

ஞாயிறு அவள் கால் செகண்ட் வித்தியாசத்தில் முதலில் வந்தாள். உள்சக்கரம் அப்போதும் தூக்கியது. வண்டி மட்டும் தயங்கவில்லை. கோவிந்தன் கண்ணால் பார்த்தார்.

"இப்பவாச்சும் ஒத்துக்குங்க அங்கிள்!"

"காலங்காத்தால குளுந்த காத்து. எந்த இஞ்சினும் நல்லாத்தான் இழுக்கும்."

"போன தடவையும் இதே குளிருதானே?"

"பிளேட் தேஞ்ச அன்னிக்கு வா. அப்ப பேசிக்கலாம்."

போட்டோவுக்கு நிற்கக் கூப்பிட்டார்கள். அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. சட்டைப் பையிலிருந்து அந்தக் காலி பாட்டிலை எடுத்து முகர்ந்தார்.

"வெளக்கெண்ண," என்று முனகியபடி, குறுக்கே நின்ற கூம்பை ஓர் எத்து எத்திவிட்டு பஸ் ஸ்டாப்பைப் பார்த்து நடந்தார்.