இருநூற்று அறுபத்தெட்டு கிலோ மாதுளந்தோல்

எபனேசர் அண்ணாச்சி சாலோமிக்குக் கொடுக்கவேண்டிய பாக்கி பதினேழாயிரத்து நானூற்று இருபது ரூபாய். நாளொன்றுக்கு முந்நூற்று முப்பத்தைந்து வீதம் ஐம்பத்திரண்டு நாள் கூலி.

வள்ளியூருக்கு வெளியே அவர் நடத்திய மாதுளைச் சாறு கம்பெனியில் பழத்தை உடைத்து முத்தை உதிர்த்துக் கொடுப்பது அவள் வேலை. பாட்டில் வாங்கிய பேக்கரிக்காரர்கள் அவருக்குப் பணத்தை இழுத்தடித்தார்கள்; அவர் இவளுக்கு இழுத்தடித்தார். கூட வேலை பார்த்த பெண்கள் இரண்டு வாரத்திலேயே சத்தம் போட்டுக் கூலியை வாங்கிக்கொண்டு நின்றுவிட்டார்கள். சாலோமிக்கு அந்த வாய் வரவில்லை. இருவரும் ஒரே சபை. ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் காணிக்கைப் பையை நீட்டிக்கொண்டு வருவது எபனேசர்தான். அந்தக் கையோடு திங்கட்கிழமை எப்படிச் சண்டை போடுவது?

ஆனால் வீடு அவளைச் சும்மா இருக்கவிடவில்லை. ஆடிக்காற்று கூரைத் தகரத்தைப் பிய்த்து வாசலில் போட்டுவிட்டது. மேலே தார்ப்பாயைக் கட்டியிருந்தார்கள். ஐப்பசி மழைக்கு அது தாங்காது. புதுக் கூரைக்கு இந்தப் பாக்கியைத் தவிர வேறு வழி இல்லை.

இந்த நேரம் பார்த்து அவள் புருசன் ஞானசிகாமணிக்கு வயிற்றுப்போக்கு வந்தது. கொத்தனார் வேலைக்குப் போகமுடியாமல் படுத்துவிட்டார். சாலோமி பஜாரில் நாட்டு மருந்துக் கடைக்குப் போய் விவரம் சொன்னாள். கடைக்காரர் ஒரு டப்பாவைத் திறந்து, காய்ந்த சில்லுகளைக் காகிதத்தில் மடித்து, இருபது ரூபாய் என்றார். இடித்து மோரில் கலக்கிக் கொடுக்கச் சொன்னார்.

சாலோமி மடிப்பைப் பிரித்து முகர்ந்து பார்த்தாள். மாதுளந்தோல். தினமும் அவள் கூடை கூடையாக அள்ளி வெளியே கொட்டுகிற அதே தோல். நூறு கிராம்கூட இருக்காது. இது எங்கேயிருந்து வருகிறது என்று கேட்டாள். பாளையங்கோட்டையில் ஒரு சித்த மருந்துக் கம்பெனியிலிருந்து வாங்குகிறார்களாம். அவர்கள் வடக்கே இருந்து மூட்டையாக இறக்குகிறார்களாம். கம்பெனி விலாசத்தைக் கேட்டு அதே காகிதத்தில் எழுதி வாங்கிக்கொண்டாள். புருசனுக்கு மறுநாளே வயிற்றுப்போக்கு நின்றது. அவளுக்கோ அன்று ராத்திரி முழுக்கக் கணக்குத்தான் ஓடியது: நூறு கிராம் இருபது ரூபாய் என்றால் கிலோ இருநூறு.

மறுநாள் காலையில் எபனேசர் முன்னால் போய் நின்றாள். அவர் வழக்கம்போல ஆரம்பித்தார். "துட்டு இருந்தா தரமாட்டனா சாலோமி? என்கிட்ட என்ன கெடக்கு? இந்தத் தோலுதான் கெடக்கு. வேணும்னா அள்ளிட்டுப் போ."

"அப்படியே எழுதித் தாங்க அண்ணாச்சி," என்றாள் சாலோமி.

அவர் சிரித்தார். தோலை அப்புறப்படுத்த வண்டிக்காரனுக்கு வாரம் முந்நூறு ரூபாய் தண்டம் கொடுத்துக்கொண்டிருந்தவர். சிரித்துக்கொண்டே பாட்டில் கணக்கு நோட்டில் ஒரு தாளில் எழுதினார்: பாக்கி தீரும்வரை தோல் முழுவதும் சாலோமிக்கு. கையெழுத்தும் போட்டார். இனிச் செய்கிற வேலைக்குக் கூலியை வாராவாரம் கையில் கொடுப்பதாகவும் ஒத்துக்கொண்டார்.

ஒரு வாரத்துத் தோலை சைக்கிளில் வைத்துக் கட்டிக் கொண்டுவந்து, வாசலில் கிடந்த பழைய கூரைத் தகரத்தைக் கழுவி அதன்மேல் பரப்பினாள். தகரம் சூடேறினால் சீக்கிரம் காயும் என்பது அவள் எண்ணம். இன்னும் உடம்பு தேறாத ஞானசிகாமணி கட்டிலில் இருந்தபடியே கேலி பண்ணினார். "ஊரெல்லாம் பழத்தத் திங்கான். என் வீட்டுக்கு மட்டும் தோலு வருது."

நாற்பது கிலோ காய்ந்தது. பஸ்ஸில் ஏற்றி, கண்டக்டரிடம் சுமைக்கூலிக்குச் சண்டை போட்டு, பாளையங்கோட்டையில் இறக்கினாள். கம்பெனியில் சரக்கைச் சோதிக்கிறவள் ஸமீஹா என்கிற சின்னப் பெண். மேலப்பாளையத்துக்காரி. மூட்டையில் கையை விட்டு ஒரு பிடி எடுத்துப் பார்த்தவள் முகம் சுளித்தாள்.

"அக்கா, இது கன்னங்கரேல்னு இருக்கே. பழுப்பா மஞ்சளாத்தான் இருக்கணும். இத நாங்க எடுக்கமாட்டோம்."

அழுகவில்லையே, நனையவில்லையே என்று சாலோமி சொல்லிப் பார்த்தாள். ஸமீஹா மெஷினில் பொடித்துத் தண்ணீரில் கலக்கிக் காட்டினாள். மை மாதிரி இருந்தது. நாற்பது கிலோவும் வாசல் குப்பைத்தொட்டிக்குப் போனது.

திரும்பும் பஸ்ஸில் அவள் தன் கையையே பார்த்துக்கொண்டு வந்தாள். ரேகையெல்லாம் கறுப்பு ஓடிய கை. சாறு கம்பெனியில் முதலில் இரும்புக் கத்திதான் கொடுத்தார்கள். மாதுளந்தோலில் இரும்பு பட்டதும் கத்தியும் கறுக்கும், கையும் கறுக்கும். பெண்கள் எல்லாரும் முறையிட்டு எவர்சில்வர் கத்தி வாங்கவைத்தார்கள். கூலிக்கு வாய் வராதவள், அந்தச் சண்டையில் மட்டும் முன்னால் நின்றாள். நாங்குநேரி தாண்டும்போது அவளுக்குப் பளிச்சென்று பட்டது. ஈரத்தோலைத் துருப்பிடித்த தகரத்தில் அல்லவா பரப்பினோம். பஸ் என்றும் பாராமல் தன் தலையில் தானே ஒரு குட்டு வைத்துக்கொண்டாள். பக்கத்தில் இருந்த அம்மாள் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தாள்.

அன்று சாயங்காலமே சந்தையில் நாலு பனையோலைப் பாய் வாங்கினாள். வேப்பமர நிழலில் விரித்து, புதிதாகச் சேர்ந்த தோலைச் சின்னதாகக் கிள்ளிப் போட்டு, மணிக்கொருதரம் புரட்டினாள். படுக்கையை விட்டு எழுந்த ஞானசிகாமணியும் கேலியை விட்டுவிட்டுப் புரட்ட வந்தார். மூன்றாம் நாள் தோல் மஞ்சள் பழுப்பு நிறத்தில் கலகலவென்று காய்ந்து கிடந்தது. ஒரு சில்லை ஒடித்தால் சடக்கென்று சத்தம் கேட்டது. அந்தச் சத்தத்தைக் கேட்கவே அவள் பத்துச் சில்லை ஒடித்திருப்பாள்.

ஸமீஹா இந்தமுறை பொடித்தாள், கலக்கினாள், நாக்கில் வைத்தாள், கண்ணை இடுக்கினாள். பிறகு உள்ளே போய் ஏதோ கண்ணாடிக் குழாயில் ஊற்றிப் பார்த்துவிட்டு ஓடி வந்தாள்.

"எதுல காயப்போட்டிய அக்கா? வடக்க இருந்து வாரதவிட இதுல துவர்ப்பு கூட. சாறுல இருக்கதவிட தோல்லதான் அந்தச் சத்து அதிகம். வயித்துக்குச் சூரணம் பண்ணுதோம், ஈறுக்குப் பல்பொடி பண்ணுதோம். சர்க்கரைக்குக் கேக்குமானு சோதிச்சுட்டு இருக்காங்க, அது இன்னும் உறுதியாகல. இருக்கத எல்லாம் கொண்டுவாங்க."

கிலோ அறுபத்தைந்து ரூபாய். சாலோமி வாசலிலேயே நின்று விரல் விட்டுக் கணக்குப் போட்டாள். பதினேழாயிரத்து நானூற்று இருபது ரூபாய்க்கு எத்தனை கிலோ? இருநூற்று அறுபத்தெட்டு கிலோ.

அதன்பின் அவள் கால் தரையில் நிற்கவில்லை. பழம் உடைக்கிற வேலையை இரண்டு மடங்கு வேகத்தில் செய்தாள். அந்த முதல் நல்ல மூட்டையையும் சேர்த்து ஐந்து தடவையில் இருநூற்று முப்பத்தோரு கிலோ போய்ச் சேர்ந்தது. சேதி எபனேசர் காதுக்கு வந்தது. அவர் முகம் மாறியது. பழம் அவர் துட்டில் வாங்கியது, தோலும் அந்தப் பழத்துத் தோல்தானே, இனிமேல் தொடக்கூடாது என்று கூடையைப் பிடித்துக்கொண்டார்.

சாலோமி முந்தானையில் முடிந்த தாளை எடுத்து அவர் முன்னால் விரித்தாள்.

"காணிக்கைப் பை பிடிக்குத கை போட்ட கையெழுத்து அண்ணாச்சி. இல்லைனு சொல்லுதியளா?"

அவர் தன் கையெழுத்தைப் பார்த்தார். கூடையை விட்டார். கடைசி மூட்டையோடு தானும் வருவதாகச் சொன்னார்; எடையைத் தன் கண்ணால் பார்க்கவேண்டுமாம்.

கடைசி மூட்டை முப்பத்தெட்டு கிலோ நானூறு கிராம் காட்டியது. முன்னதோடு கூட்டினால் இருநூற்று அறுபத்தொன்பது கிலோ நானூறு. சாலோமி மூட்டையைப் பிரித்து, மெஷின் முப்பத்தேழு காட்டும்வரை தோலை அள்ளி ஒரு பையில் போட்டாள். பையை எபனேசரிடம் நீட்டினாள்.

"ஒங்க தோலு ஒரு கிலோ நானூறு கூட வந்துட்டு. எடுத்துக்கிடுங்க. இனி வாரதும் ஒங்களதுதான்."

அவர் பையை வாங்கிக்கொண்டார். இதை எப்படிக் காயவைக்கிறது என்று மெதுவாகக் கேட்டார். காயவைக்கிற வேலை தன்னுடையது, விற்கிற துட்டில் சரிபாதி, உடைக்கிற கூலி சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை தனி என்றாள் சாலோமி. ஸமீஹா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பாதி அதிகம் என்றார் எபனேசர். அப்படியானால் நீங்களே காயப்போடுங்கள், எதில் என்று மட்டும் கேட்காதீர்கள் என்றாள். பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அவர் சரி என்றார்.

பிறகு அவள் கையிலிருந்த தாளை வாங்கி, எடை மெஷின்மேல் வைத்து, குறுக்கே ஒரு கோடு போட்டு, 'பாக்கி முழுவதும் தீர்ந்தது' என்று எழுதித் தேதி போட்டார்.