விழுந்த கப்பலும் புஷ்பராணியும்

பாயான் லெப்பாஸ் சிப்புத் தொழிற்சாலையின் பஸ்ஸிலிருந்து இறங்கி மூன்றாம் மாடி ஏறுவதற்குள் புஷ்பராணி இரண்டு தடவை நின்றுவிட்டாள். கால்வலி இல்லை. படி எங்கே முடிகிறதென்று தெரியவில்லை. காலையில் தொழிற்சாலையில் நடந்த கண் பரிசோதனையில் கடைசி மூன்று வரிகளும் சாம்பலாகக் கலைந்துபோயின. பதினோரு வருசம் கூடவே இருந்த சூப்பர்வைசர் நோர்மா, கடிதத்தைக் கொடுக்கும்போது அவள் முகத்தைப் பார்க்கவில்லை. மாதக் கடைசியோடு வேலை முடிகிறது. வீட்டில் எப்படிச் சொல்வது என்று வழியெல்லாம் யோசித்தும் முதல் வார்த்தைகூட அமையவில்லை.

வாசலில் மூன்று ஜோடிச் செருப்புகள் கிடந்தன. உள்ளே நண்பர்கள் மூவரிடம் புருசன் விஸ்வலிங்கம் பேசும் குரல் கேட்டது.

எண்பத்திரண்டில், கொண்டெய்னர்கள் பெருகித் துறைமுகத்தில் கணக்கெழுதும் கிராணிகளைக் குறைத்தபோது வீட்டுக்கு அனுப்பப்பட்டவர் அவர். இரண்டு வருசம் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். பிறகு பழைய புத்தகக் கடையில் ஓர் ஆங்கிலப் பத்திரிகை கிடைத்தது. அமெரிக்கப் பாலைவனத்தில் வேற்றுக்கிரகக் கப்பல் ஒன்று விழுந்ததாம்; அதைப் பிரித்துப் பார்த்துத்தான் மனிதர்கள் கம்ப்யூட்டர் சிப்பு செய்யக் கற்றார்களாம். அன்றிலிருந்து மனிதர் தினமும் சவரம் செய்துகொண்டார். கோப்பிக்கடையில் கதை கேட்க அவருக்கு நாற்காலி இழுத்துப் போட ஆள் இருந்தது. புஷ்பராணி அந்தக் கதையை நம்பவில்லை. ஒருநாளும் மறுத்ததுமில்லை.

"வா புஷ்பா, உனக்காகத்தான் காத்துக்கிட்டு இருக்காங்க," என்றார். "பதினோரு வருசமா மைக்ரோஸ்கோப்புல பாக்குறவ. நீயே சொல்லு. அந்தச் சிப்பு மனுசன் செய்யக்கூடியதா?"

துறைமுகத்துப் பழைய கூட்டாளி நூர் முகம்மது சிரித்தார். "சொல்லுங்க அண்ணி. அண்ணன் சொல்றத பாதிதான் நம்ப முடியுதுலா."

மனுசனால் முடியாது என்றால் போதும். சொல்லிவிட்டுப் போய்ப் படுத்துவிடலாம். வாயைத் திறந்தபோது வேறு வந்தது.

"மனுசங்கதான் செய்யிறோம். மொத வாரம் நாப்பது சிப்பு ஒடச்சேன். தலைமுடியவிட மெல்லிசா தங்கக் கம்பி, மூச்சு விட்டா ஆடும். மூச்சப் புடிச்சிக்கிட்டு ஒட்டணும். எந்தக் கப்பல்லேருந்தும் யாரும் வந்து சொல்லித் தரல. நோர்மாதான் சொல்லித் தந்தா."

விஸ்வலிங்கம் பத்திரிகையை மடித்தார். மடித்ததை மறுபடி மடித்தார்.

"அவ களைப்பா இருக்கா," என்றார் நண்பர்களிடம்.

"களைப்புதான். கண்ணு போச்சுங்க. மாசக் கடைசியோட வரவேணாம்னு கடிதம் குடுத்துட்டாங்க."

நூர் முகம்மதுதான் முதலில் எழுந்தார். விஸ்வலிங்கத்தின் தோளைத் தொட்டுவிட்டுப் போனார். மற்ற இருவரும் பின்னாலேயே படியிறங்கும் சத்தம் கேட்டது.

திட்டப்போகிறார் என்று நினைத்தாள். ஊரார் முன்னால் இப்படிச் செய்துவிட்டாயே என்று கேட்பார். அவர் எழுந்து வந்து எதிரே நின்று விரல்களைத் தூக்கிக் காட்டினார்.

"எத்தனை?"

"ரெண்டு."

ஓரடி பின்னால் போனார். "இப்ப?"

"மூணு."

நாற்காலியைத் தாண்டினார். வாசலைத் தாண்டி வெளித் தாழ்வாரத்தில் போய் நின்றார். நாலு மணி வெயில் அவர் முதுகுக்குப் பின்னால் பொங்கிக்கொண்டிருந்தது. அதற்குள் ஒரு கை மட்டும் உயர்ந்து நிற்பது தெரிந்தது. விரல்கள் அவள் கண்ணுக்கு ஒன்றாகிவிட்டிருந்தன.

"சொல்லு புஷ்பா," என்றார். கையை இறக்கவில்லை.