மூன்றாம் நாள் வாக்கு

திடுமென முரசு அதிர்ந்தது. அப்பாவின் தாடையைத் துணியால் கட்டிக்கொண்டிருந்த கெசையாவின் கை நழுவியது. வாய் மறுபடி திறந்துகொண்டது.

எதிரே நீதிமன்ற வாசலில் மூன்றாம் நாள், கடைசி நாள் வாக்குப்பதிவு ஆரம்பமாகிவிட்டது. அந்தக் காலத்து அமெரிக்காவில், கென்டக்கியில் ஓட்டு என்றால் ஊரறியக் கத்திச் சொல்ல வேண்டும். வேட்பாளர் எழுந்து பெயர் சொல்லி நன்றி கூற வேண்டும். பெயரை மறந்தவன் கதை அத்தோடு முடிந்தது.

அப்பா லெமுவல் தார்ப்புக்கு யார் பெயரும் நினைவில் நின்றதில்லை. நாலு முறை அவர் வாஷிங்டன் சபைக்குப் போனதே, மகள் பின்னால் நின்று காதில் ஓதியதால்தான். யார் வீட்டில் பிரசவம், யார் குதிரைக்கு நொண்டல், எல்லாம் அவளுக்கு அத்துப்படி. இந்தத் தடவை நெஞ்சுச்சளி அவரை மாடியிலேயே கிடத்திவிட்டது. இரண்டு நாளாக ஜன்னலில் நின்று அவர் சார்பில் அவளே பதில் சொன்னாள். இன்று விடிகாலையில் மூச்சு நின்றது.

அப்பாவின் தேர்தல் வேலைகளைக் கவனிக்கும் கர்னல் டூலி கதவைச் சாத்தினார்.

"சாயந்திரம் வரைக்கும் அவர் உயிரோட இருக்கட்டும்மா."

"செத்துப்போனவரையா?"

"வாஷிங்டன்ல பாதிப் பேர் அப்படித்தான் உட்கார்ந்திருக்காங்க."

"ஜெயிச்சப்புறம்?"

"மறு தேர்தல் வரும். உன் தம்பி நிப்பான். அவனுக்கும் ஒருத்தன் பேரும் ஞாபகம் இருக்காது. அதுக்குத்தான் நீ இருக்கியே!"

ஜன்னல் இடுக்கில் தெரிந்த தெருமுனையில் ஒரு வண்டி நின்றிருந்தது. பள்ளிக்கூட வாத்தியார் அம்ப்ரோஸ் ஒஹாயோவுக்குக் கிளம்புகிறான். 'இந்தத் தேர்தல் முடியட்டும்' என்று மூன்று தேர்தலாக அவனைக் கல்யாணத்துக்குக் காக்க வைத்திருந்தாள். மதியத்துக்குள் வராவிட்டால் இனி காத்திருக்க மாட்டேன் என்று நேற்றுச் சொல்லி அனுப்பியிருந்தான்.

"நான் உண்மையைச் சொல்லிடப் போறேன், கர்னல்."

"தாராளமா சொல்லு. முப்பது ஓட்டுல தொங்கிக்கிட்டிருக்கு. பெத்த அப்பனைத் தோக்கடிச்ச பொண்ணுன்னு ஊர் பேசட்டும்."

"பேசட்டும்!"

ஜன்னல் கதவைத் தள்ளித் திறந்தாள். ஆகஸ்ட் வெக்கையும் விஸ்கி வாடையும் முகத்தில் அடித்தன. அம்ப்ரோஸ் நிமிர்ந்து பார்த்தான். இப்போது சொன்னால் போதும். படியிறங்கி நேராக வண்டியில் ஏறிவிடலாம்.

அதற்குள் கீழே ஒரு கிழவர் தொப்பியைக் கழற்றிக் கத்தினார்.

"எஸ்ரா ப்ளைத்! என் ஓட்டு லெமுவல் தார்ப்புக்கு!"

கூட்டம் அடங்கியது. கிழவர் மாடியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

கெசையா வாயைத் திறந்தாள். குரல் கொஞ்சமும் நடுங்கவில்லை.

"எஸ்ரா மாமா, பிள்ளை பெத்த உங்க மருமக எழுந்து நடமாடுறாளான்னு அப்பா கேக்குறார்."